பாலத்துக்குக் குறித்த இடம்

ஆம்பூருக்குப் புறவழிச்சாலை போட இரண்டு பாதைகளைக் குறித்திருந்தார்கள். ஒன்று, வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த புறம்போக்கு வழியாகப் போய்ப் பாலாற்றைத் தாண்டியது. மற்றது காதர் தோட்டம் என்ற குடியிருப்பை அறுத்துக்கொண்டு போனது. முதல் பாதை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சுற்றுச்சூழல் அறிக்கைதான் பாக்கி.

அதற்காக மண்ணைச் சோதிக்கும் வேலை கௌசருக்கு. வேலூரில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனத்தில் வேதியியலாளர். காதர் தோட்டத்தில்தான் அவளுடைய அண்ணன் அதாவுல்லா வீடு கட்டியிருந்தார். அதை முதல் நாளே மேலாளர் கிருபானந்தத்திடம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

முதல் பாதையில் பாலம் வரப்போகும் இடத்தில் மூன்று துளைகள் போட்டார்கள். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அளவுக்கு மீறி வந்தது. பாலத்தின் தூண்களை அங்கே இறக்கினால் அது ஆற்றுமணலுக்குள் கசிந்து, கீழே இருக்கும் மூன்று ஊர்களின் குடிநீர்க் கிணறுகளுக்குப் போய்விடும். கிருபானந்தம் முடிவுத்தாளைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மூணுல ஒண்ணு. சாம்பிள் எடுத்ததுல தப்புன்னு தள்ளிடுவாங்கம்மா. நாளைக்கு சாயங்காலம் மிஷின் திரும்பிடும். அவ்ளோ பெரிய காட்டுல வேற எங்கன்னு துளை போடுறது?"

அன்று மாலையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இளவயதில் அதாவுல்லா ஒரு தோல் தொழிற்சாலைக்கு டிராக்டர் ஓட்டியவர். அந்தத் தொழிற்சாலையை மூடி வெகுகாலம் ஆகிறது. கழிவுக் கசடை ஆற்றங்கரையில் எங்காவது புதைத்தார்களா என்று கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அண்ணி பில்கிஸ் ஏன் கேட்கிறாய் என்றாள். கௌசர் காரணத்தைச் சொன்னாள். அதன்பிறகு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை துளையிடும் இயந்திரத்தருகே அவள் போய் இறங்கியபோது, அதாவுல்லா அங்கே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வணக்கமோ சலாமோ இல்லாமல் முள்ளுக்குள் நுழைந்தார். சட்டை கிழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. ஓரிடத்தில் நின்று குதிகாலால் மண்ணைத் தட்டினார்.

"இங்க போடு. ரெண்டு வருஷம் நான்தான் கொண்டாந்து கொட்டினேன். ராத்திரின்னு இல்ல, பகல்லயே. யாரும் கேக்கல."

"பாய்ஜான், இது ரிப்போர்ட்ல வந்தா ரோடு உங்க வீட்டு மேலதான் வரும்."

"தெரியும். போடச் சொல்லு."

கௌசர் ஆட்களுக்குக் கை காட்டினாள். ஆட்கள் இயந்திரத்தை நகர்த்தி நிறுத்தினார்கள். ஒன்பதடியில் குழாய் நீலம் கலந்த பச்சைச் சேற்றைக் கக்கியது. அழுகிய நெடியில் ஆட்கள் பின்வாங்கினார்கள். அவர் காட்டிய இன்னும் மூன்று இடங்களிலும் அதேதான். புட்டிகளை அடைத்து முத்திரை வைக்கும்வரை அதாவுல்லா வெயிலில் அசையாமல் நின்றார்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காதர் தோட்டமே திரண்டு வந்திருந்தது. கௌசர் முடிவுகளை வாசித்து முடித்ததும் அதாவுல்லாவின் பக்கத்து வீட்டு உமர் ஃபாரூக் எழுந்தார். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாத குழி இப்போது மட்டும் எப்படிக் கிடைத்தது, யார் காட்டியது என்று கேட்டார். கௌசர் பெயரைச் சொல்லாமல் அறிக்கையின் தாள்களைப் புரட்டினாள். ஆட்சியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் காட்டினேன்," என்றார் அதாவுல்லா. "கொட்டினதும் நான்தான். என் வீடும் போவுது, உமர் பாய்."

பெண்களில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். உமர் ஃபாரூக் வெளியே போனார்.

ஐந்து மாதம் கழித்து இரண்டாம் பாதைக்கு உத்தரவு வந்தது. ஓரமாகக் கொஞ்சம் நகர்த்தியதில் முப்பத்தொரு வீடுகளில் பன்னிரண்டு தப்பின. உமர் ஃபாரூக்கின் வீடும் அதில் ஒன்று. அதாவுல்லாவின் வீடு தப்பவில்லை. கசடை அள்ள வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. இதுவரை கம்பிவேலி மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அதாவுல்லாவும் பில்கிஸும் இப்போது பஜாருக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பில்கிஸ் கௌசரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கௌசர் ஞாயிறுதோறும் போகிறாள். அண்ணன் கதவைத் திறந்து, உள்ளே வா என்கிறார்.