திரும்பிப் பார்த்த பெண்கள்

ஜப்பானின் கனஸாவா நகரில் நவம்பர் மழையோடு இடியும் சேர்ந்துகொள்ளும். அந்த நவம்பரில் இக்குயோ நெமோத்தோவுக்கு இடியைவிட ஒரு குரல்தான் பயமாக இருந்தது. தெருவில் போகும்போது பின்னாலிருந்து யாரோ "நெமோத்தோசான்" என்று கூப்பிடுவார்கள். திரும்பினால் குடைகள்தான் போய்க்கொண்டிருக்கும். வேலை அலுப்பு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வேலைக்கும் குறைவில்லை. அவள் படப் பொறுப்பாளராக இருந்த சிறிய அருங்காட்சியகத்தில் ஸெய்ரான் என்ற பழைய ஓவியரின் படக் கண்காட்சி திறக்கவிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு முன்பாக, மூன்றாக மடித்த வண்ணப்படம் ஒன்றைச் சேர்த்து ஒட்டுவார்கள். வாங்கியவர்கள் அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டதால் முழுதாகத் தப்பியவை கொஞ்சம்தான். ஸெய்ரான் வரைந்த பெண்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். எல்லோரும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல பிரதிகளெல்லாம் உபுகாத்தா என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவரிடம் இருந்தன. கேட்டதும் கொடுத்தார். படங்களோடு மோச்சி இனிப்புப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தார். இக்குயோ ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்க்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"இந்தப் பொண்ணை யாரு கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"யாராவது சிநேகிதியா இருக்கும்."

"சிநேகிதி கூப்பிட்டா கண்ணு இப்படி இருக்காதும்மா," என்றார் உபுகாத்தா, மெதுவாக.

சுவரொட்டிக்கு வேண்டிய படத்தை மட்டும் அவர் கொண்டுவரவில்லை. இக்குயோ வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அவள் தயங்கியபோது அருங்காட்சியக இயக்குநர் ஹயாமிஸு சிரித்தார். "மனுஷன் தனியா இருக்காரு. ஒரு டீ குடிச்சிட்டு வந்தா தேஞ்சா போயிடுவே?"

மறுநாள் மதியம் போனாள். வாசலில் காலணியைக் கழற்றி நிமிர்ந்தபோதே, அவர் நடைவழியின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலில்லாத நீண்ட நடைவழி. இடப்பக்கச் சுவரில் ஸெய்ரானின் பெண்கள். வலப்பக்கம் அதே அளவுச் சட்டங்களில் புகைப்படங்கள். எல்லாம் தெருவில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் தோளுக்கு மேலாகத் திரும்பியிருந்தாள். எதிரே இருந்த ஓவியத்தில் எந்தக் கோணமோ, அதே கோணம்.

ஒரு முகம் தெரிந்த முகம். தொயாமா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஸனாயே காஷிவாகி. நன்றாக வந்துகொண்டிருந்தவள் திடீரென்று வேலையை விட்டுவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த சட்டத்தில் இக்குயோ இருந்தாள். அஸானோ ஆற்றுப் பாலம், மழை, அவளுடைய நீலக் கழுத்துத்துணி.

"நெறையப் பேரு சரியாத் திரும்ப மாட்டாங்க," என்றது உபுகாத்தாவின் குரல், காதுக்கு மிகப் பக்கத்தில். "உடம்பைத் திருப்பிடுவாங்க. உங்களுக்கும் மூணாவது தடவைதான் அமைஞ்சது. அதுக்குள்ள கொஞ்சம் பயம் வந்திருந்துது பாருங்க, அதான் இவ்வளவு அழகு."

"வண்டி காத்துக்கிட்டிருக்கு," என்றாள் இக்குயோ. வண்டி ஏதுமில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தடுக்கவில்லை. கூடவே வாசல்வரை வந்தார். அவள் காலணிக்குள் காலை நுழைக்கத் தடுமாறுவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க வீட்டு ரெண்டாவது மாடிப் படியில லைட்டு எரியல. பாத்து ஏறுங்க."

அருங்காட்சியகத்துக்குத் திரும்பியதும் ஹயாமிஸுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தெருவுல போட்டோ எடுக்கறது குத்தமா, நெமோத்தோ? நாளன்னிக்கு விழா."

"என்னைக் கேட்டா எடுத்தாரு?"

"கிழவருக்கு ஒரு கிறுக்கு. அதுக்காகக் கண்காட்சியவே கெடுக்கச் சொல்றியா?"

அவள் போய், மாட்டியிருந்த உபுகாத்தாவின் படங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். காவலாளி மகாபே, என்ன ஏது என்று கேட்காமல் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டார். படங்கள் அன்று மாலையே திரும்பிப் போயின. விழா நாளில் நீளச் சுவர் வெறுமையாக நின்றது. வந்தவர்கள் அதைக் கடந்து உதிரிப் பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹயாமிஸு அவள் பக்கம் திரும்பவேயில்லை. உபுகாத்தா வந்தார். வெறும் சுவருக்கு முன்னால் நின்று, கண்காட்சியை ரசிப்பவர்போலத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஸனாயேவின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். அவள் இப்போது அண்ணனின் தோஃபு கடையில் இருந்தாள். உபுகாத்தாவின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம் கேட்டது.

"உங்க வீடு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இன்னிக்கே கெளம்புங்க. போட்டோவோட நிக்காது. நான் அதோட நின்னுடும்னு நெனைச்சு ஏமாந்தேன்."

இக்குயோ அன்றே அக்கா வீட்டுக்குப் பெட்டியோடு போனாள். பிறகு அவளும் ஸனாயேவும் சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போனார்கள். அதிகாரி மரியாதையாக எழுதிக்கொண்டார். உபுகாத்தாவைக் கூப்பிட்டு எச்சரிப்பதாகச் சொன்னார். எச்சரித்திருக்கவும் கூடும்.

வசந்தகாலத்தில் ரயில் நிலையத்தில் ஒரு சுவரொட்டி தெரிந்தது. ஃபுகுயியில் ஸெய்ரான் கண்காட்சி, படங்கள் உபுகாத்தாவின் சேகரிப்பிலிருந்து. இக்குயோ அங்கேயே நின்று ஸனாயேவுக்குத் தொலைபேசி செய்தாள். போவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. எந்த ரயில் என்றுதான் ஸனாயே கேட்டாள்.

ஃபுகுயி அருங்காட்சியகத்தில் அவர்களை வரவேற்க வந்தவள் இருபத்தைந்து வயதிருப்பாள். தெரு தெருவாய் அலைந்து கண்காட்சிக்கு ஆள் சேர்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பெயர் ஹோரி.

"உபுகாத்தாசானைப் பத்திப் பேசணும்," என்றாள் இக்குயோ.

ஹோரியின் முகம் மலர்ந்தது. "ஓ, தெரிஞ்சவங்களா? ரொம்பத் தங்கமான மனுஷர். இன்னும் ஒரு படம் பாக்கியிருக்கு, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து எடுத்துக்கச் சொல்லியிருக்காரு."

ஸனாயே எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க, ஹோரிசான்," என்றாள் இக்குயோ. "கொஞ்ச நாளா யாராவது உங்களைப் பின்னாலருந்து பேரு சொல்லிக் கூப்பிடறாங்களா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.