பிடித்த மேஜையை விடாதவர்கள்

ஹாம்பர்க் துறைமுகத்தில் பயணிகள் படகு ஓட்டுகிறவள் வீப்கே. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், பனிமூட்டம் கண்ணை மறைத்தாலும், படகைப் பூப்போலக் கொண்டுபோய்த் துறையில் ஒட்டிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, பெற்றவர்கள் இரண்டு பேரை ஒரு மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதா பெரிய காரியம்? அப்படித்தான் அவள் நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

"பாரு மால்ட்டே, ஒரு மணி நேரம். ரெண்டும் அடிச்சுக்காம ஒரு மணி நேரம் நின்னுட்டா போதும். ஜனவரியில கல்யாணத்துக்கு ரெண்டையும் கூப்பிட்டுடலாம்."

"நிக்கலன்னா?"

"நீயும் நானும் மட்டும் பதிவு ஆபீஸுக்குப் போறோம், கையெழுத்துப் போடுறோம், மீன் வச்ச ரொட்டி ஆளுக்கொண்ணு தின்னுட்டு வேலைக்குப் போறோம். ஒருத்தரக் கூப்பிட்டு இன்னொருத்தர விட என்னால ஆகாது. அதுக்கு யாருமே வேணாம்."

சொல்லும்போது குரல் கெத்தாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் வேண்டும் என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது. மால்ட்டேவுக்கும் அது தெரியும். அவன் பாலர் பள்ளி ஆசிரியன். அடித்துக்கொள்ளும் நாலு வயதுக்காரர்களைப் பிரித்துவைப்பதில் கெட்டிக்காரன். சேர்த்துவைப்பதில் அவனுக்கு அனுபவம் பத்தாது என்பது வீப்கேயின் கட்சி. அதனால் திட்டம் முழுக்க அவளுடையது.

அவளுடைய அப்பா ஹின்னெர்க்கும் அம்மா கூட்ருனும் விவாகரத்து வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. அதுகூடப் பரவாயில்லை, ஊரில் நடக்காததா? அதற்கு அடுத்த வருடம், வீப்கேவுக்குப் படகு ஓட்டும் உரிமம் கிடைத்த நாளில்தான் கூத்து நடந்தது. வாழ்த்த வந்த இடத்தில், மூத்த கேப்டனும் கூட வேலை பார்ப்பவர்களும் வரிசையாக நின்று பார்க்க, மழையில் குடையை யார் பிடிப்பது என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டார்கள். வீப்கேயின் மானம் கப்பலேறியது. ஏதோ கத்திவிட்டு, கேக்கைக்கூட வெட்டாமல் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கண்டவர் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அம்மா வீடு, மறுநாள் அப்பா வீடு. பிறந்தநாளென்றால் காலைக் காபி அம்மாவோடு, மாலை பீர் அப்பாவோடு. ஒருமுறை குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முன்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பா பின்படி வழியாக இறங்கிப் போனார். ஒருவரைப் பற்றி மற்றவர் மூச்சு விடமாட்டார்கள். மனுஷனுக்குள் இத்தனை வெறுப்பு இத்தனை காலம் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று வீப்கே அதிசயப்பட்டிருக்கிறாள்.

சரி, மேஜைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் சந்தை என்றால் மரப்பொம்மை, மெழுகுவர்த்தி, தொங்கும் நட்சத்திரம் என்று நினைப்பது வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரனுக்குச் சந்தை என்றால் மேஜைதான். நாற்காலி கிடையாது. நெஞ்சு உயரத்தில் ஒரு வட்டப் பலகை, மேலே குடைபோலச் சின்னக் கூரை, அவ்வளவுதான். டிசம்பர் மழை நசநசவென்று பெய்ய, ஆபீஸ் விட்ட கூட்டமெல்லாம் நகர மன்றத்தின் முன்னால் வந்து இறங்குகிற நேரத்தில், அப்படி ஒரு மேஜை கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி. ஒருவர் "பிடிச்சு வை" என்று சொல்லி இன்னொருவர் "சரி" என்றுவிட்டால், பிறகு இடியே விழுந்தாலும் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. அசைந்தவனை அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தைத்தான் வீப்கே வலையாகப் பின்னினாள். அப்பாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாகப் போன் போட்டாள். "கீரை வேகவச்சு விக்கிற கடைக்கு எதிர்த்தாப்ல, குளிர்காய நெருப்பு மூட்டி வச்ச தொட்டி பக்கத்து மேஜை. நானும் மால்ட்டேவும் வர லேட்டானாலும் விட்டுடக் கூடாது, சரியா?" இரண்டு பேரும் சரி என்றார்கள்.

முதலில் வந்தவர் ஹின்னெர்க். கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சரக்குப் பெட்டிக்கு இடம் பார்த்தே காலத்தை ஓட்டியவருக்கு ஒரு மேஜை எம்மாத்திரம்? முந்தைய கூட்டம் கடைசி வாய் ஒயினைக் குடிக்கும்போதே முழங்கையை ஊன்றிவிட்டார். வறுத்த பாதாம் விற்கிற கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீப்கேயும் மால்ட்டேவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூட்ருன் வந்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் விசில் ஊதி, ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் மிரட்டி நீந்தவைத்தவள். கூட்டம் தானாக விலகி அவளுக்கு வழிவிட்டது. மேஜையருகே வந்து ஹின்னெர்க்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"இப்ப பாரு," என்றாள் வீப்கே.

பார்க்கும்படி இல்லை. ஹின்னெர்க் உடனே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். கூட்ருன் கையை நீட்டி அவரை மறித்துவிட்டுத் தானே திரும்பி நடந்தாள். ஹின்னெர்க் அவள் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து மேஜையைக் காட்டினார். அவள் கையை உதறி அவரைக் காட்டினாள். இருவரும் மேஜையைக் காட்டுவதும், வழியைக் காட்டுவதும், தன் நெஞ்சைத் தொடுவதுமாக ஊமைப்படம் ஓடியது. கடைசியில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, வாசல் காவலர்கள்போல விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்ணால பாக்கக்கூட பிடிக்கல," என்றான் மால்ட்டே. "வா, போய்ச் சொல்லிடலாம். பாவமா இருக்கு."

"சும்மா இரு. மேஜைய விட்டாங்களா? விடல இல்ல? அப்ப வேலை செய்யுது."

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கம்பெனிக் கூட்டம் வந்தது. ஏழெட்டுப் பேர், எல்லார் தலையிலும் மினுக்மினுக்கென்று எரியும் மான் கொம்பு. அதில் பெரிய கொம்புக்காரன், யாருடைய அனுமதியும் கேட்காமல், தன் கோப்பையை மேஜைமேல் வைத்தான்.

முதுகைக் காட்டி நின்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கூட்ருனின் குரல் பாதாம் கடைவரைக்கும் கேட்டது.

"என்ன தம்பி, கண்ணு கொம்புலயா இருக்கு? ஆள் நிக்கிறது தெரியல?"

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நின்னா என்ன?"

"ரெண்டு பேர்னு யார் சொன்னா? எங்க பொண்ணு வரா. மாப்பிள்ள வரான்."

"எங்க? காணோமே?"

ஹின்னெர்க் அந்தக் கோப்பையைப் பக்குவமாகத் தூக்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், பக்கத்துக் குப்பைத்தொட்டியின் மூடிமேல் வைத்தார். "உன் மேஜை," என்றார்.

கொம்புக் கூட்டமே சிரித்துவிட்டது. பெரிய கொம்புக்காரனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். சிரித்தபடியே பக்கத்து மேஜையில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கூட்ருன் ஹின்னெர்க்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் அவளுக்குக் கூரைக்கு உள்பக்கமாக இடம் விட்டார். இரண்டு பேரும் இப்போது ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள்.

வீப்கேவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "என்ன சொன்னேன்? என்ன சொன்னேன் நான்?" என்று மால்ட்டேவின் தோளில் குத்தினாள். நாலு கோப்பை சூடான ஒயினை வாங்கி அவன் கையில் இரண்டு, தன் கையில் இரண்டு என்று பிடித்துக்கொண்டு, ஜெயித்த படைத் தளபதி மாதிரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

அவளைப் பார்த்ததும் கூட்ருனின் முகம் வெளிறிவிட்டது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டே பழக்கமில்லாத பெண்மணி, அவசர அவசரமாக ஆரம்பித்தாள்.

"வீப்கே, மன்னிச்சுக்கடி. வேணும்னு நிக்கல. இந்த மனுஷன் இருப்பாருன்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

"நான் போறேன்னேன்," என்றார் ஹின்னெர்க். "இவ விடல."

"நீ முதல்ல வந்தவன், நீ எப்படிப் போவ? நான்தான் போறேன்னேன். ஆனா மேஜைய விடமாட்டேன்னு இவகிட்ட சொல்லியிருந்தேனே!"

"நானும் சொல்லியிருந்தேன்."

வீப்கே கோப்பைகளைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க ரெண்டு பேரும்? எதுக்கு மன்னிப்பு?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசுவது யார் என்று கண்ணாலேயே முடிவாயிற்று.

"நீதானே சொன்ன," என்றாள் கூட்ருன். "லைசென்ஸ் வாங்கின அன்னிக்கு. 'என் வாழ்க்கைல இனிமே உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரே இடத்துல பாக்கக் கூடாது. பாத்தா நான் உங்க பொண்ணே இல்ல'ன்னு."

"நானா?"

"கேப்டன் முன்னாடி," என்றார் ஹின்னெர்க்.

"அன்னைலேர்ந்து நாங்க பாத்துப் பாத்துத்தான் நடந்துக்கறோம். மாசா மாசம் இவருக்குப் போன் போடுவேன், எந்த நாள் யாருக்குன்னு பேசிப்போம். நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் படியேறும்போதே இருமுவேன், இவரு கிளம்பறதுக்கு. ஒரு நாள்கூட தப்பு நடந்ததில்ல. இன்னிக்குத்தான்..."

வீப்கே நினைத்துப் பார்த்தாள். குடை ஞாபகம் இருந்தது, கேக் ஞாபகம் இருந்தது, அவமானம் நேற்று நடந்ததுபோல் ஞாபகம் இருந்தது. கத்தினதும் ஞாபகம் இருந்தது. என்ன கத்தினாள் என்பதை மட்டும் அன்று இரவே தூங்கித் தொலைத்துவிட்டாள். அதை இந்த இரண்டு பேரும் ஒன்பது வருடமாகச் சுமந்திருக்கிறார்கள். வெறுப்பு என்று அவள் நினைத்ததெல்லாம் அவளுக்காகக் கட்டிய வேலி. வெட்கம் அவள் காதுவரை ஏறியது. அதைவிட அதிகமாக, இந்த இரண்டு பேர்மேலும் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல," என்றார் ஹின்னெர்க்.

ஹாம்பர்க்காரனிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்? வீப்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். படகு தப்பான பக்கம் திரும்பிவிட்டால் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள்.

"சரி. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்."

"எல்லாத்தையுமா?" என்றாள் கூட்ருன்.

"எல்லாத்தையும்."

"அன்னிக்கு ஊரே கேக்கறமாதிரி சொன்ன. இன்னிக்கு முணுமுணுக்கற."

"அம்மா!"

"நியாயம்தான்," என்றார் ஹின்னெர்க்.

வீப்கே நிமிர்ந்து நின்றாள். எதிர்க்கரைப் படகுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. கீரைக் கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இது எங்கம்மா, இது எங்கப்பா! ஜனவரியில எனக்குக் கல்யாணம்! ரெண்டு பேரும் சேர்ந்து வரணும், சேர்ந்து உக்காரணும்! வரலன்னா நான் கையெழுத்தே போடமாட்டேன்!"

மான் கொம்புகள் எல்லாம் ஓவென்று கத்திக் கோப்பையைத் தூக்கின. யாரென்றே தெரியாத ஒரு கிழவி மால்ட்டேவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டுப் போனாள். கூட்ருன் மகளைக் கட்டிக்கொண்டாள். ஹின்னெர்க் தொப்பியைக் கழற்றி மழைத்தண்ணீரை உதறுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரி," என்றாள் கூட்ருன், பிடியைத் தளர்த்தி. உடனே அவர் பக்கம் திரும்பினாள். "நீ என்னத்த போட்டுக்கிட்டு வருவ? அந்தப் பழுப்பு கோட்டா?"

"நல்ல கோட்டு."

"நாட்டப் பிரிச்ச சுவர் இடிஞ்ச வருஷம் வாங்கின கோட்டு! அதப் போட்டுக்கிட்டு வந்த, நான் வாசல்லயே திரும்பிடுவேன்."

"திரும்பு."

"பாத்தியா வீப்கே? பாத்தியா பேச்ச? 'திரும்பு'வாம்! இருபத்தஞ்சு வருஷம் இந்த வாய வச்சுக்கிட்டுத்தான் என் உயிர எடுத்தாரு!"

"இந்த வாய்ல நாலு வார்த்தைதான் வரும். மிச்சம் எல்லாம் உன்னுது."

"என்னுதா? யோவ் கிழவா, என்னுதா?"

கூட்ருனின் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மேஜைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மால்ட்டேவுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. வீப்கேயின் காதருகே குனிந்தான்.

"நான் வேணா பேசி நிறுத்தட்டுமா? சின்னப் பசங்ககிட்ட எனக்குச் சட்டுனு வரும்."

"வாயத் திறந்த, கல்யாணமே கிடையாது," என்றாள் வீப்கே, சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டே.