ஏழாவது கட்டு

மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த இலோனாவின் கை அடிக்கடி நின்றது. பக்கத்து அறையில் புருஷன் ரோமான் பக்கம் புரட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தாள். டைப் அடிக்கிற மெல்லிய தாள் அது. புரட்டினால் சரசரவென்று சமையலறை வரைக்கும் கேட்கும். கேட்டால் ஒரு பயம், கேட்காவிட்டால் இன்னொரு பயம். கேட்டால் ஆறாவது கட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால் அவனுக்கு மூச்சு அடைத்துவிட்டதோ என்று ஈரக் கையோடு ஓடிப்போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படி ஓடிய போதெல்லாம் அவன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உயிரோடதான் இருக்கேன், நீ போய் மீனைப் பாரு" என்றான். கிறிஸ்துமஸ் மீனை அடிப்பது வருஷா வருஷம் அவன் வேலை. இந்த வருஷம் எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்ததை அவளே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலால் ஒரு போடு போட்டாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

போலந்தின் கிடான்ஸ்க் நகரில் அவர்களுடைய விண்வெளிக் கதை மன்றத்துக்கு டிசம்பர் என்றால் மீனும் மாதாகோவிலும் அப்புறம்தான், முதலில் கட்டுகள். துறைமுகத்துக்கு வருகிற மாலுமி யாராவது இங்கே கடையில் கிடைக்காத ஓர் இங்கிலீஷ் நாவலைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார். கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் லுட்விக் அதைப் போலிஷில் மொழிபெயர்த்து டைப் அடிப்பார். கார்பன் பிரதிகளை வாசிக்கக் கண் போதாது என்பதால், படிக்கும்படியாக இருப்பது ஒரே பிரதிதான். அத்தனை பேரும் விடுமுறைக்குள் படித்தாக வேண்டுமே. அதனால் பிரதியை ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அட்டை வைத்து ஷூ லேசால் கட்டி, சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுக்கொள்வார்கள். முதல் ஆள் ஒன்றாவது கட்டை முடித்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுப்பார். பனிக்காலம் முழுக்க அந்தக் கட்டுகள் டிராமில் கோட்டுக்கு அடியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும். ஒருத்தர் முடிவில் இருக்கும்போது இன்னொருத்தர் ஆரம்பத்தில் இருப்பார். ஆகவே ஒரு கறாரான விதி. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மன்றம் கூடும்வரை யாரும் முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் அந்த வருஷம் பூராவும் மன்றத்தில் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

விதியைப் போட்டவனே ரோமான்தான். இலோனாவின் தம்பி ஸ்டெஃபான் ஒருமுறை கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஒரு முடிவை உளறிவிட்டான். ரோமான் ஈஸ்டர் வரைக்கும் அவனோடு பேசவில்லை. அந்த வருஷம் ஸ்டெஃபான் போட்ட டீயை மட்டும் ஒரு நாள் விடாமல் வாங்கிக் குடித்தான்.

இந்த வருஷம் சீட்டில் இலோனா முன்னால் வந்துவிட்டாள், ரோமான் கடைசி. அவன் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. இருதய வால்வு ஆபரேஷனுக்கு இடம் கிடைத்துவிட்டது, பண்டிகை முடிந்த மறுநாளே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லோரும், ரோமான் உட்பட, அதிர்ஷ்டம் என்றார்கள். இலோனாவால் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவள் ஏழாவது கட்டைப் படித்து முடித்திருந்தாள்.

கதை இதுதான். நெடுந்தூரம் போகிற ஒரு கப்பல். எல்லோரும் கண்ணாடிப் பெட்டிகளில் உறைந்து தூங்குகிறார்கள். ஒரே ஒருத்தி விழித்திருந்து கப்பலை ஓட்டுகிறாள். தூங்குகிறவர்களில் அவள் புருஷனும் ஒருவன். இடம் வந்து சேர்ந்ததும் அவனைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். ஆறு கட்டுகளும் அவள் அவனை எழுப்பும் நாளுக்காகக் காத்திருப்பதுதான். ஏழாவதில் அவள் பெட்டியைத் திறக்கிறாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூடியைச் சாத்தி, அடுத்த பெட்டிக்குப் போகிறாள். அவ்வளவுதான், முடிந்தது. படித்த அன்று இலோனா எப்பேர்ப்பட்ட முடிவு என்று மெய்சிலிர்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போது அதை எழுதின இங்கிலீஷ்காரன் கையில் கிடைத்தால் மீனை அடித்த அந்தச் சுத்தியலையே எடுப்பாள்.

"இலோனா."

அவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆறாவது கட்டின் லேஸை விரலில் சுற்றியபடி.

"முடிச்சிட்டேன். ஏழு யார்கிட்ட இருக்கு?"

"டனூட்டாகிட்ட. அவ இன்னும் அதுல பாதிகூடத் தாண்டலை."

"அவ எழுத்துக் கூட்டிப் படிக்கற ஆளு." அவன் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான். "சரி, நீ சொல்லு."

"என்னத்தை?"

"முடிவைத்தான். எழுந்திரிக்கறானா இல்லையா?"

இலோனா கத்தியைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் அவளிடம் கேட்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவள் தனக்கு முன்னால் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டால் அவள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான், முகத்திலேயே முடிவு தெரிந்துவிடும் என்று.

"நீ போட்ட விதி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இப்ப நானே கேக்கறேன்ல."

"திரும்பி வந்து படிச்சுக்க. அதுவரைக்கும் கட்டு எங்கயும் ஓடிப்போயிடாது."

அவன் மேசையில் கிடந்த ஒரு செதிலை நகத்தால் தள்ளிக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பி வந்து படிப்போம் என்று நினைக்கிற ஆள் முடிவைக் கேட்க மாட்டான்.

அன்று ராத்திரி விருந்துக்கு லுட்விக் வந்தார். ஒண்டிக்கட்டை. யாரும் எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று போடுகிற காலித் தட்டில் வருஷா வருஷம் எதிர்பார்த்தபடி வந்து உட்காருகிறவர். அப்பளம் போன்ற அந்த வெள்ளை அப்பத்தை மூவரும் ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்திக்கொண்டார்கள். "ஆரோக்கியமா இருக்கணும்" என்று சொல்லும்போது லுட்விக்கின் குரல் உடைந்தது. ரோமான், "என்ன சார், இன்னும் புதைக்கலையே" என்றான். பீட்ரூட் சூப் முடிந்து தட்டு எடுக்கும் சாக்கில் இலோனா லுட்விக்கைச் சமையலறைக்குள் இழுத்து, குழாயைத் திறந்துவிட்டாள்.

"சார், ஒரு உதவி. கடைசிப் பக்கத்தை மட்டும் வேற மாதிரி டைப் அடிச்சுத் தாங்க. ஒரே பக்கம். அவன் எழுந்திரிக்கற மாதிரி."

லுட்விக் அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் போலப் பார்த்தார்.

"என்னம்மா பேசறீங்க? நான் வெறும் மொழிபெயர்ப்பாளன். ஒரு கமாவைக்கூட நான் மாத்தினது கிடையாது."

"இவன் முடிவு தெரியணும்னு கேக்கறான் சார். தெரிஞ்சுகிட்டு அங்க போய்ப் படுக்கணுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை விரிப்பின் நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எழுத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "வாயால சொல்றது உங்க இஷ்டம்."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இரண்டாம் பண்டிகை நாள் மத்தியானம் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு கட்டில் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டில்காரர் வானொலியில் கிறிஸ்துமஸ் பாட்டு வைத்திருந்தார், எல்லோருக்கும் சேர்த்து. ரோமான் கோடு போட்ட பைஜாமாவில் சின்னவனாகிவிட்டது போலத் தெரிந்தான். அவன் மார்பில் முடி மழித்திருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க இலோனா ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தின்ன மனமில்லை. பார்வையாளர்கள் கிளம்பலாம் என்று மணி அடித்ததும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பவாவது சொல்லேன்."

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். டிராமில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"எழுந்திரிக்கறான்" என்றாள். "அவ பெட்டியைத் திறக்கறா. முதல்ல ஒண்ணும் இல்ல. அவளுக்கு உயிரே போயிடுது. அப்புறம் அவனை வெந்நீர்ல குளிப்பாட்டறா. மெல்ல, கொஞ்சம் கொஞ்சமா. உதட்டுல நிறம் வருது. அப்புறம் கண்ணைத் திறந்து, 'வந்துட்டமா?'ன்னு கேக்கறான். அதோட முடியுது."

நன்றாகத்தான் சொன்னாள். சொல்லும்போது அவளே நம்பிவிட்டாள், கண்ணில் நீர்கூட வந்தது. ரோமான் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நெற்றி மெல்லச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அவள் மன்றத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். யாராவது கதை சொல்லும்போது ஏதோ ஒரு இடத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டால் வருகிற சுருக்கம்.

"தண்ணி ஏது?"

"என்ன?"

"குளிப்பாட்டத் தண்ணி ஏது? நாலாவது கட்டுலயே தொட்டி வெடிச்சு அத்தனையும் வெளிய போயிடுச்சே. அதுக்கப்புறம் அவ குடிக்கறதுக்கே சொட்டுச் சொட்டாத்தான் அளந்து வெச்சிருக்கா."

இலோனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. நாலாவது கட்டு. அந்தத் தொட்டி வெடிக்கிற இடத்தை அவளேதான் இவனிடம் புகழ்ந்து பேசினாள், இவனும் அதைத் தாண்டிய பிறகு. இத்தனை வருஷம் இவனோடு குப்பை கொட்டி, இவனிடமே தண்ணீரில் கோட்டைவிட்டாளே. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"அப்ப எழுந்திரிக்கலை" என்றான் ரோமான்.

வானொலிக்காரர் பாட்டைக் குறைத்தார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். இலோனா அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது, அவ்வளவு பயமாக இருந்தது. தானே அவனைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டது போல இருந்தது.

"அது வெறும் கதை" என்றாள். இப்படி ஒரு வார்த்தையை மன்றத்தில் யாரும் சொன்னதில்லை.

"வெறும் கதையா? நல்ல முடிவு. அந்தாளு பயப்படாம எழுதியிருக்கான்." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அவ அடுத்து என்ன பண்றா?"

"அடுத்த பெட்டிக்குப் போறா."

"போகத்தானே வேணும். மத்தவங்க இருக்காங்கல்ல." பிறகு அவன் முகத்தில் அந்தப் பழைய குசும்பு எட்டிப் பார்த்தது. "திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கு. முடிவைச் சொல்லிட்டே."

"நீ கேட்டுத்தானேய்யா சொன்னேன்!"

"நான் கேட்டேன், நீ சொன்னே. கேக்கக் கூடாதுன்னு விதி இல்ல. வருஷம் பூரா டீ போடு. எனக்கு ஸ்ட்ராங்கா. சர்க்கரையைக் கலக்காம, தனியா வெச்சுக் கொடுக்கணும்."

நர்ஸ் வந்து அவளைக் கிளப்பினாள். கதவருகில் அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தான். அது இல்லாமல் அவனுக்கு அவள் முகம் தெரியாது, இருந்தாலும் கையைத் தூக்கினான்.

மறுநாள் காலையில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு, தாழ்வாரத்து பெஞ்சில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. லுட்விக் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்டெஃபான் தோல்பையோடு வந்தான். டனூட்டா சிவந்த கண்ணோடு வந்து, கோட்டுக்குள்ளிருந்து ஏழாவது கட்டை எடுத்து இலோனாவின் மடியில் வைத்தாள்.

"ராத்திரி பூரா படிச்சு முடிச்சேன். வரிசையில எனக்கு அடுத்தவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் விட்டுக் கொடுத்துட்டார். வெளிய வந்ததும் ரோமான் படிக்கட்டும்."

அவனுக்குத் தெரியும் என்று இலோனா சொல்லவில்லை. யாரும் முடிவைப் பற்றிப் பேசவில்லை. ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்ப்பதும், பார்க்காதது போல் திரும்புவதுமாக இருந்தார்கள். இப்படியே உட்கார்ந்திருந்தால் அலறிவிடுவோம் என்று தோன்றியபோது இலோனா எழுந்தாள்.

"ஸ்டெஃபான், உன் பையில தண்ணி காய வைக்கிற சுருள் இருக்குமே, அதை எடு."

"இருக்கு. ஆனா டீ நான்தானே போடுவேன், எனக்குக் கை பழகிப்போச்சு."

"உன் வருஷம் முடிஞ்சு போச்சு. இது என் வருஷம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். லுட்விக்கும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இலோனா பையிலிருந்த காலி ஊறுகாய் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை நிறையப் பிடித்து, சுருளை இறக்கி, சுவரிலிருந்த பிளக்கில் சொருகினாள். அடியிலிருந்து சிறு குமிழ்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ், "இங்க அதெல்லாம் சொருகக் கூடாது, தெரியுமா?" என்றாள். பெஞ்சில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துடுங்க. எனக்கும் ஒண்ணு" என்று சொல்லிப் போனாள்.

ஆஸ்பத்திரி சமையலறையில் கண்ணாடி டம்ளர்களைக் கடன் வாங்கி எல்லோருக்கும் ஊற்றினாள். கடைசியாக ஒன்று ஸ்ட்ராங்காக, சர்க்கரை பக்கத்தில் தனியாகக் காகிதத்தில். அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று வந்துகொண்டிருந்தது. மூடி வைக்கத் தட்டு எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏழாவது கட்டை எடுத்து டம்ளரின் மேல் வைத்தாள். ஆவி பட்டு அட்டை மெல்ல நனைய ஆரம்பித்தது. ஒரு காபிக் கறைக்காக ஒரு மாதம் பேசாமல் இருக்கக்கூடிய லுட்விக் அதைப் பார்த்துவிட்டுத் தன் டீயை ஒரு வாய் குடித்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலோனா கையை நீட்டி டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது.