பிழை வந்தால் ஒன்றும் செய்யாதே

எங்கள் அலுவலகத்தில் சுமைதாங்கி என்று ஒருவர் இருந்தார். அந்தப் பெயரை வைத்தது நான்தான். யாரும் தொட விரும்பாத வேலை எதுவானாலும் அவர் தலையில் கட்டிவிடுவோம். அவரும் மூக்கால் அழாமல் முடித்துக்கொடுப்பார். நாங்கள் செய்வது முதியோர் இல்லங்களுக்கான அழைப்பு மணி மென்பொருள். கட்டிலருகிலோ குளியலறையிலோ உள்ள பொத்தானை அழுத்தினால், செவிலியர் மேசையிலுள்ள திரையில் அறை எண் வரும். அவ்வளவுதானே என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

நான்கு வருடங்களுக்கு முன்புவரை எங்கள் நிரல்கள் ‘புதியது’, ‘மிகப் புதியது’, ‘இதுதான் கடைசி’, ‘சத்தியமாக இதுதான் கடைசி’ என்ற பெயர்களில் ஆளுக்கொரு கணினியில் கிடந்தன. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எல்லாவற்றையும் ‘கிட்’ என்ற பொதுச் சேமிப்பு மென்பொருளுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, அந்தக் குப்பையையும் சுமைதாங்கிதான் இரண்டு வாரம் உட்கார்ந்து பிரித்து ஏற்றினார். ஒவ்வொரு வரியையும் சேர்த்தது யார் என்று கிட் குறித்துவைத்துக்கொள்ளும். ஏற்றியவர் அவர் என்பதால், அதற்கு முன் யார் எழுதிய வரியானாலும் அதில் அவர் பெயர் விழுந்தது. “ஊர்ல உள்ள பாவமெல்லாம் உங்க கணக்குலதான்” என்று அப்போது சிரித்தோம். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வேலை மாறிப் போய்விட்டார்கள். மிஞ்சியது அவரும் நானும்தான். இப்போதைய மேலாளர் போன வருடம் வந்தவர்.

இந்த வருடம் ஒரு இல்லத்தில், மதியம் செவிலியர்கள் பணி மாறும் நேரத்தில், ஒரு பெண்மணி குளியலறையில் வழுக்கி விழுந்தார். சுவரிலிருந்த பொத்தானை ஏழு முறை அழுத்தியிருக்கிறார். பொத்தான் பெட்டிக்குள் ஏழு என்று பதிவாகியிருக்கிறது. மேசைத் திரையில் ஒன்றுகூட வரவில்லை. மாலையில் தேநீர் கொண்டுபோனவர் பார்த்தபோது உயிர் இல்லை.

மேலாளர் எனக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். நிரலில் பிழைகளைக் கையாளும் இடங்களையெல்லாம் தேடிச் சரிசெய்ய வேண்டும். பிறகு அதைக் கிட்டோடு இணைக்க வேண்டும். இனி எங்கே பிழை எழுந்தாலும், அந்த வரி யாருடையது என்று கிட்டிடம் கேட்டு, அவருக்கும் மேலாளருக்கும் தானாகவே மின்னஞ்சல் போய்விடும்.

முதல் நாளே அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பதே பொய். எனக்குத் தெரியும். பொத்தான் அனுப்பிய தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் வெற்றிடம். மறுபடி அனுப்பு என்று இல்லை, சத்தம் போடு என்று இல்லை. ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியது அது. ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டுக்காட்டும்போது இணைப்பு அறுந்து, திரையில் ‘பிழை’ என்று சிவப்புப் பெட்டி வந்து மானத்தை வாங்கியது. “முதல்ல அதத் தூக்கு” என்றார் அன்றைய மேலாளர். பிழையைச் சொல்லும் வரியையே தூக்கினேன். நாளை ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினேன். அன்று குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு காய்ச்சலும் இல்லை. அலுப்பாக இருந்தது, போனேன்.

அந்த இடத்தை இன்னும் தொடாமலே புதிய இணைப்பை முடித்ததும் மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த மதியம் நடந்ததையே கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் கைப்பேசியில் மின்னஞ்சல் வந்து விழுந்தது. சுமைதாங்கியின் பெயர். நான் எழுதிய நிரல் பிசிறில்லாமல் வேலை செய்தது.

தன் கண்ணாடி அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“இது உங்க பேருதானே?”

சுமைதாங்கி திரையருகே குனிந்து பார்த்தார். “என் பேருதான் சார். ஆனா பழைய கோடு இது. கிட்டுக்கு மாத்தினப்ப…”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் பழசுன்னுதான் சொல்லுவாங்க” என்று மேலாளர் வெட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. கிட் தப்பாக் காட்டுமா?”

சுமைதாங்கி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

“கிட் தப்பாக் காட்டாது சார்.”

மறுநாளே சுமைதாங்கியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருக்கும் என் கணவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே, “நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. கிட் காட்டுனதத்தானே சொன்ன?” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. அன்று சாப்பிட்டேன்.

பொருட்களை எடுத்துப்போக வந்த சுமைதாங்கியை மாடிப்படியில் பார்த்தேன். ஒதுங்க இடமில்லை.

“ஏத்தும்போதே அந்த இடத்தப் பாத்தேம்மா” என்றார். “காலியா இருந்துச்சு. உன்கிட்ட கேக்கணும்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த ஃபைலுக்குப் போயிட்டேன். எனக்கும் பங்கிருக்கு.”

“என்கிட்டயா?”

“நீ எழுதுற தினுசு எனக்குத் தெரியாதா?”

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்த வரும். அவர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த வெற்றிடத்தை நிரப்பினேன். தகவல் போய்ச் சேராவிட்டால் மூன்று முறை திரும்ப அனுப்பும், அதுவும் தவறினால் பொத்தான் பெட்டியே அலறும். அரைநாள் வேலைகூட இல்லை. கிட்டில் அந்த வரிக்கு நேரே இப்போது என் பெயர். கூட்டத்தில் மேலாளர் கைதட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தப் பெண்மணியின் மகன் வந்தார். நிறுவனம்தான் மாற்றத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. செய்துகாட்டினேன். பெட்டி அலறியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

“நீங்கதான் சரி பண்ணீங்களாமே.”

“ஆமா சார்.”

“முன்னாடி எழுதினவரை ஒருதடவை பாக்கணும். சண்டைக்கு இல்லை. ஏன்னு மட்டும் கேக்கணும்.”

அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு மேசைதான் இருந்தது. அதற்கான பதில், உலகத்திலேயே என் ஒருத்தியிடம்தான் இருந்தது. சுமைதாங்கியின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்மணியின் மகனே கைப்பேசியில் கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது.

“போய்ப் பாத்தேம்மா. அவரு மழுப்பவே இல்லை. ‘அந்த இடத்தப் பாத்தேன், கேக்காம விட்டுட்டேன், மன்னிச்சுடுங்க’ன்னாரு. எங்கம்மா பேரு என்னன்னு கேட்டாரு. ரெண்டு பேருமே அழுதுட்டோம். மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். அம்மா போனதுக்கப்புறம் நேத்துதான் தூங்கினேன். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“நல்லதுங்க சார்” என்றேன். அந்தப் பெண்மணியின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

கைப்பேசியை வைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் அந்த மனிதருக்குக் கிடைத்த தூக்கமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருக்க இத்தனை நாள் என்னிடம் பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது நியாயமான ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.