மல்பெரி மேல் விழுந்த தூறல்

வரப்பில் நின்றவர்கள் என் அண்ணன் நாச்சிமுத்து, இருபது வருஷத்தில் முதல்முறையாக முதுகில் மருந்து டேங்க் இல்லாமல், சோளக்காட்டுக்குச் சொந்தக்காரர் ராக்கியண்ணன், அவர் சம்சாரம் மயிலாத்தாள், எங்கள் மகளிர் குழுத் தலைவி சரசக்கா, குழுவிலிருந்து இன்னும் எட்டுப் பேர், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்த பால்காரர், அப்புறம் துளசிமணி, போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, நான் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் மக்காச்சோளத்துக்கு மேலே ஆறு விசிறியும் சுழல ட்ரோன் எழும்பிக்கொண்டிருக்கிறது, சோளத்தட்டுகளெல்லாம் தலை சாய்த்து வழி விடுகின்றன, பத்து லிட்டர் மருந்தைச் சுமந்த ஒரு மிருகம் என் இரண்டு கட்டைவிரல்களுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது, இடது விரலைத் தள்ளினால் ஏறுகிறது, வலது விரலைத் தள்ளினால் ஓடுகிறது, இதே விரல்கள்தான் ஏழு வருஷம் நூல் மில்லில் நைட் ஷிப்டில் அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்டின, அங்கே மிஷின் என்னை ஓட்டியது, இங்கே நான் மிஷினை ஓட்டுகிறேன், நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை.

மில்லை விட்டது நானும் துளசிமணியும் ஒரே வாரத்தில், பஞ்சுத் தூசி இரண்டு பேர் நெஞ்சிலும் கட்டியிருந்தது, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி மில்லா மூச்சா, ஒன்றை முடிவு பண்ணுங்கள் என்றார், அவளுக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது, மல்பெரி வைத்துப் பட்டுப்புழுவுக்குப் போனாள், எனக்குக் காடு இல்லை, குழு மூலமாகப் பத்து நாள் பயிற்சிக்குப் போய் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டேன், ஊரே சிரித்தது, பொம்பளைக்கு ஏரோப்பிளேன் கேட்குது என்று பால்காரர்தான் முதலில் சொன்னார், இப்போது வாய் பிளந்து நிற்பதும் அவர்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சோளத்தைத் தின்கிற படைப்புழு வந்த பிறகு ஒரு போகத்துக்கு நாலு தடவை மருந்தடிக்க வேண்டியிருந்தது, ஊர்க்காட்டுக்கெல்லாம் அவர்தான் டேங்க் சுமந்தார், சாயங்காலம் கண் சிவந்து வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுப்பார், கை நடுங்கி டீ சிந்துகிறது என்று அண்ணி எப்போதும் அரை டம்ளர்தான் ஊற்றுவாள், அந்தக் கை இன்றைக்குச் சும்மா இருக்கிறது, இனி ஒரு மனுஷன் முதுகும் அந்த மருந்தில் நனையாது, அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அதற்குப் பிறகு நடந்த எதற்காகவும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பயிருக்கு மேலே இரண்டு மீட்டர், அதற்கு மேல் தூக்கினால் மருந்து காற்றோடு போகும், பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள், இரண்டு மீட்டரில்தான் ஓட்டினேன், ஆனால் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது, வரப்பிலிருந்து பார்த்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது, அண்ணன் எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, தூக்கு அம்முணி, எங்க கண்ணுக்கும் தெரியட்டும் என்றார், நான் தூக்கினேன், மூன்று, நான்கு, ஆறு மீட்டர், வெயிலில் இறக்கை பளபளத்தது, எட்டுப் பெண்களும் கை தட்டினார்கள், காட்டின் மேற்கு ஓரம் வரை விட்டு, வண்டித் தடத்தையும் தாண்டி அகலமாக ஒரு வளைவு வளைத்துத் திருப்பினேன், குழாயை மூடிவிட்டுத்தான் திருப்ப வேண்டும், மூடவில்லை, வெள்ளையாக ஒரு தூறல் காற்றோடு எல்லோர் மேலும் வந்து இறங்கியது, கலியாண வாசல்ல பன்னீர் தெளிச்சாப்பல இருக்குதுங்கொ என்று மயிலாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், முகமூடி போட்டிருந்தது நான் ஒருத்திதான்.

அண்ணன் அதே மருந்தைப் பதின்மூன்று டேங்க் தண்ணீரில் கலந்து ஒரு ஏக்கருக்கு அடிப்பார், நான் பத்து லிட்டரில் அடிக்கிறேன், தண்ணீர்தான் குறைந்தது, மருந்து ஒரு மூடிகூடக் குறையவில்லை, ஒவ்வொரு துளியும் அத்தனை கெட்டி, இது எனக்குத் தெரியும், தெரிந்துதான் மூன்றாவது பேட்டரி மாற்ற மேற்கு ஓரத்துக்குப் போனபோது வண்டித் தடத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன், துளசிமணியின் மல்பெரி, அதன் ஓரத்தில் பட்டுப்புழுவின் சாயங்காலத் தீனிக்கு அவள் அறுத்துக் கட்டி வைத்த இரண்டு கட்டுத் தழை, வேடிக்கை பார்க்க அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள், ஓர் இலையைக் கட்டைவிரலால் தேய்த்தேன், பிசுபிசுத்தது, முகமூடியை இறக்கி முகர்ந்தேன், மருந்து வாடை. அந்த நிமிஷமே ஓடியிருக்க வேண்டும். இன்னும் ஒரு ஏக்கர் பாக்கி, பன்னிரண்டு நிமிஷம், எல்லோரும் பார்க்கிறார்கள், அவள் இன்னும் படம் எடுத்துக்கொண்டுதானே நிற்கிறாள், முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம், பயமில்லை அது, ஆசை, விரலுக்கு இன்னும் போதவில்லை. இப்போதும் வருகிற கனவில் நான் ரிமோட்டை வரப்பில் போட்டுவிட்டு ஓடுகிறேன், தடத்தைத் தாண்டுகிறேன், தழைக்கட்டை உதைத்துத் தள்ளுகிறேன், துளசிமணி சிரிக்கிறாள், விழித்த பிறகு நினைவில் என் கை பேட்டரியைச் செருகுகிறது, டக் என்று பூட்டிக்கொள்கிறது, விசிறி சுழல்கிறது.

மிச்ச ஏக்கரையும் முடித்து ட்ரோனை இறக்கி நிறுத்திவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம், தடத்தோரம் கட்டுகளையும் காணோம். ஓடினேன், மில்லில் சைரன் ஊதிய பிறகு கேட்டுக்கு ஓடுவோமே அந்த மாதிரி, நெஞ்சில் பழைய தூசி இரைந்தது, புழு ஷெட் வாசலில் நோய் வராமல் தூவிய சுண்ணாம்புத் தூளில் காலை வைத்து நின்றவள் என்னைப் பார்த்ததும் மருந்தடிச்ச கையோட கிட்ட வராதே என்று சிரித்தாள், உன்ற படத்த எத்தன பேருக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா என்றாள், நாலு நாளில் கூடு கட்டப்போகிற புழு, நாலாவது தோலும் உரித்து விரல் மொத்தம் ஆகிவிட்டது, ஐந்து அடுக்கு நிறைய, ராவும் பகலும் தின்கிற பருவம், நான் சொன்னேன், தழையப் போடாத புள்ள, அதுல மருந்து உழுந்துருச்சு. அவள் சிரிப்பு உடனே நிற்கவில்லை, கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. அப்புறம் உள்ளே பாய்ந்தாள், இரண்டு அடுக்கில் ஏற்கெனவே பரப்பியிருந்தாள், கொப்புக் கொப்பாக உருவி வெளியே எறிந்தாள், கொப்போடு புழுவும் வந்து விழுந்தது, நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று எறிந்ததையெல்லாம் அள்ளித் தூரப் போட்டேன். அரை மணி ஆவதற்குள் அந்த இரண்டு அடுக்கிலும் புழு தலையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தது, வாயில் பச்சையாகத் தண்ணீர் கக்கியது, உடம்பு சுருங்கிச் சுருங்கி ஓரத்துக்கு ஊர்ந்து கீழே விழுந்தது.

அண்ணனும் சரசக்காவும் வந்து சேர்ந்தார்கள், சரசக்கா காற்றை யார் கட்டி வைக்க முடியும், இது யார் தப்பும் இல்லை என்று ஆரம்பித்தாள், துளசிமணி அவளைப் பார்க்கவில்லை, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், உனக்கு எப்பத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் இருந்தது, மூணாவது பேட்டரி மாத்தறப்ப என்றேன். அப்ப நானு அங்கதான நின்னேன், கூப்பிடு தூரத்துல என்றாள். சரசக்காவுக்குக் காட்ட வேண்டும், எவ்வளவு உயரத்தில் ஓட்டினாள் என்று எல்லோரும் பார்க்க வேண்டும் என்று போனை எடுத்து அந்தப் படத்தை ஓட விட்டாள், சோளம், சத்தம், தூக்கு அம்முணி என்கிற அண்ணன், ட்ரோன் எழும்புகிறது, போனுக்குப் பக்கத்திலிருந்து எல்லோரையும்விட உரக்க ஒரு குரல், இன்னுங் கொஞ்சம் தூக்குடி, தட்டு மறைக்குது, அவள் குரல். படம் ஓடிக்கொண்டேயிருந்தது, பன்னீர் சிரிப்பு வரை ஓடியது, அவள் போனை ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அவளுக்குப் பிடித்தது பார் ஒரு வேகம், எனக்கும், எல்லோருக்கும், மூன்று அடுக்கு இன்னும் தீனி எடுக்கவில்லை, சுத்தமான தழை கிடைத்தால் அவை பிழைக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய சித்தப்பா தோட்டம், நான்கு மைல், அந்தப் பக்கம் யாரும் மருந்தே அடிப்பதில்லை, அண்ணன் மொபெட்டை உதைத்தார், நடுங்குகிற கையோடு ஓட்டுவீங்களாண்ணா என்று நான் கேட்டதற்கு வண்டியே நடுங்குது, கணக்குச் சரியாப் போச்சு என்றார், சரசக்கா கயிறும் அரிவாளும் தேடினாள், துளசிமணி என்னைத் தொட்டித் தண்ணீரில் குளிக்கச் சொன்னாள், இரண்டு தடவை சோப்பு, நகத்துக்குள்ளேயும், கொடியில் கிடந்த அவள் நைட்டியை எடுத்து எறிந்தாள், ஈரத் தலையோடு வாசலில் நின்றேன், மோந்து பார்த்தாள், கழுத்தை, கையை, முடியை, மாடு கன்றை மோந்து பார்க்கிற மாதிரி, சரி என்றாள். செத்தது உயிரோட இருக்கறது மேல கெடந்தா மிச்சமும் போயிரும், ரெண்டு அடுக்கையும் ஒண்ணொண்ணாப் பொறுக்கு, எது பொழைக்கும்னு நீயே தொட்டுப் பாத்து முடிவு பண்ணு, எனக்குக் கை வராது என்றாள்.

உள்ளே போனேன். இடது பக்கம் மூன்று அடுக்கில் பசித்த புழுக்கள் தழை தேடித் தலையைத் தூக்கி ஆட்டுகின்றன, வலது பக்கம் இரண்டு அடுக்கில் விஷமேறிய புழுக்கள் அதே மாதிரி தலையைத் தூக்கி ஆட்டுகின்றன, பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தொட்டால்தான் தெரியும், வலது பக்கத்தில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன், குளிர்ந்து வழவழவென்று இருந்தது, கால்களால் என் ரேகையைப் பிடித்துக்கொண்டது, இறுக்கமாகத்தான் பிடித்தது, இது பிழைக்கும் என்று கத்த வாயெடுத்துத் திரும்பினேன், ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது எலியும் பூனையும் நுழையாமல் எப்போதும் செய்வதைத்தான் அவள் செய்தாள், தழையோட நானு வர்ற வரைக்கும் நீ இங்கதான் என்று சொல்லித் தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள், வெளியில் பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.