ஃபெர்கஸை எங்கே நிறுத்துவது

"முன்னாலதான் நிக்கணும் அவன்! உயரம் இருக்கு, கை இருக்கு..."

"கால் இருக்கா? அத மொதல்ல சொல்லு!"

"நான் பேசி முடிச்சிடறேன் கிளெனிஸ்..."

"நீ முடிக்கறதுக்குள்ள அவன் தொடை முடிஞ்சிடும்! முன்னால நின்னா எகிறணும், எகிறினா விழணும், விழுந்தா மறுபடி ஐஸ் கட்டியும் கையுமா உக்காரணும். போன வருஷம் பாத்தோமே!"

ஆஸ்திரேலியச் சிற்றூர் மின்யாராவில், பந்தை உதைத்தும் எகிறிக் கையால் பிடித்தும் ஆடும் அந்த நாட்டு ஃபுட்பால்தான் எல்லாம். கிளப்பின் உடை மாற்றும் அறையில், வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் நடக்கும் வழக்கமான சண்டைதான். ஒரு பக்கம் கோச் டெனிஸ் ராஃப்டர். மறு பக்கம் தேர்வுக் குழுத் தலைவி கிளெனிஸ். ஊர் பேக்கரி அவளுடையது, தெருக்கோடிவரை கேட்கும் தொண்டையும்தான். நடுவே மைதானம் வரைந்த தகரப் பலகை. ஆளுக்கொரு பெயரெழுதிய காந்த வில்லைகள் அதில் ஒட்டியிருந்தன. 'ஃபெர்கஸ்' என்ற வில்லை மட்டும் இன்னும் டெனிஸின் விரல்களுக்கிடையில் உருண்டுகொண்டிருந்தது.

அந்த ஃபெர்கஸ் ஒரு கையெட்டும் தூரத்தில், பெஞ்சின் மேல் குப்புறப் படுத்திருந்தான். பின்தொடையில் ஐஸ் பை. அவனுக்கு எல்லாம் கேட்டது. ஆளை வைத்துக்கொண்டே ஆளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணிப்பது அந்தக் கிளப்பில் யாருக்கும் பழக்கமில்லை. புது வீட்டில் அலமாரியை எந்தச் சுவரோரம் வைப்பது என்று சண்டை நடக்கிறது, அலமாரி நான்தான் என்று நினைத்துக்கொண்டான். கால் விரல்கள் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல் பெஞ்சின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தன.

"பின்னால போடேன்யா அவன. பந்து வர்றத பாத்து நின்னு ஆடட்டும். தலைதெறிக்க ஓட வேணாம்."

"பின்னால டல்லி இருக்கான்."

"ஆமா, உம் பையன் இருக்கான். அத நீயே சொன்னா நல்லதுன்னுதான் காத்திருந்தேன்."

"பையன்னு இல்ல! இந்த வருஷம் ஒரு ஆட்டம் விடாம ஆடியிருக்கான் அவன்!"

"ஆடட்டும். யாரு வேணாங்கறா?"

டெனிஸ் திரும்பினான். "ஃபெர்கஸ், நீயே சொல்லுடா. உனக்கு எங்க?"

விரல்கள் நின்றன. வாய் தானாகச் சொல்லிற்று: "எங்க வேணாலும், கோச்."

"பாத்தியா? இதான் ஆம்பள!" என்று டெனிஸ் வில்லையை முன்வரிசையில் பட்டென்று ஒட்டினான்.

மின்யாராவில் ஒரு ஆட்டக்காரன் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். 'எனக்கு இந்த இடம்தான் வேணும்' என்றவனை ஊர் லேசில் விடாது. பெட்ரோல் பங்கில், பப்பில், பள்ளிக்கூட வாசலில், போகிற இடமெல்லாம் 'மகாராஜா எந்த இடத்துல நிக்கப் பிரியப்படறாரு?' என்று கேட்டே கொன்றுவிடும். அதனால் பதினெட்டு வயதிலிருந்து அவன் 'எங்க வேணாலும்' என்றே சொல்லி வந்தான். எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்க ஃபெர்கஸ். ஓரத்தில் ஓடவிட்டார்கள், கணுக்கால் போயிற்று. நடுவில் எகிறவிட்டார்கள், தோள்பட்டை கழன்றது. முன்வரிசையில் நிறுத்தினார்கள், பின்தொடை இரண்டு தரம் கிழிந்தது. இன்னொரு தரம் கிழிந்தால் ஆட்டத்தை மறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு வருஷம், கொஞ்ச வாரங்கள், பின்வரிசையில் நின்றிருக்கிறான். மைதானம் முழுக்கக் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். பந்து எங்கே வந்து விழும் என்று, அது காலை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடும். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிறகு யாருக்கோ விரல் முறிந்தது, இவனை நகர்த்தினார்கள். அந்த இடம்தான் தன்னுடையது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி மேவைத் தவிர.

"சொல்லித் தொலையேன் அவங்ககிட்ட!" என்றாள் மேவ், சனிக்கிழமை காலை காரில். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"டல்லி எடம் அது."

"உன் தொடை யாரோடது?"

அவன் ரேடியோவைத் திருப்பினான். அணைத்தான். மறுபடி திருப்பினான்.

"அத விடு, பாவம்," என்றாள் அவள்.

அரையிறுதி. எதிரில் டார்ட்டன் அணி. மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கோல் விழும்போதெல்லாம் ஹாரன் அலறியது. முதல் பகுதியில் ஃபெர்கஸ் முன்வரிசை. இரண்டு தரம் எகிறினான், இரண்டு தரமும் முழங்கை பட்டு விழுந்தான். இரண்டாம் பகுதியில் "ஓரத்துக்குப் போ!" என்று கோச்சின் சொல்லைக் கொண்டு ஒருவன் ஓடி வந்தான். அங்கே வேர்க்கும் முன்பே "நடுவுக்கு வா!" ஓடினான். தொடைக்குள் ஏதோ ஒன்று கிட்டார் கம்பியைப் போல இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. நொண்டுவது தெரியாமலிருக்க, நிற்கும்போதுகூடக் குதித்துக்கொண்டே நின்றான்.

மூன்றாம் பகுதி தொடங்கியதும் டல்லியின் மூக்கில் எவனோ ஒருவன் தலை மோதியது. ரத்தம் நிற்கும்வரை உள்ளே இருக்க விடமாட்டார்கள். "ஃபெர்கஸ், பின்னால போ, கொஞ்ச நேரம்!"

போய் நின்றான். கால்கள் குதிப்பதை நிறுத்தின.

பந்து வந்தது, அது விழும் இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றிருந்தான். மறுபடி வந்தது. மறுபடியும் இவன் கையில். டார்ட்டன் ஆட்கள் வேறு பக்கமாக உதைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் ஃபெர்கஸ். பின்னால் திரும்பி, "இடது பக்கம் வரும், போய் நில்லுடா!" என்று யாரையோ விரட்டினான். தன் குரலா அது என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. பகுதிக்கு நாலைந்து கோல் விழும் ஆட்டத்தில், அந்தப் பகுதி முழுக்க டார்ட்டனுக்கு ஒரே ஒரு கோல்தான். மேவ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மூன்றாம் பகுதி இடைவேளை. வழக்கம்போல ஊரே களத்துக்குள் இறங்கி வந்தது. நாய்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், தட்டில் ஆரஞ்சுத் துண்டுகள். ஆட்டக்காரர்களைச் சுற்றி வட்டம் கட்டி, கோச் சொல்வதைக் கேட்க எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். டல்லியும் வந்துவிட்டான். மூக்கில் பஞ்சு.

"ரெண்டு கோல் பின்னால இருக்கோம்!" டெனிஸ் கத்தினான். "கோல் வேணும் எனக்கு. டல்லி பழைய எடத்துக்குப் போ. ஃபெர்கஸ், முன்னால!"

"டெனிஸ், கண்ணு தெரியலயா உனக்கு?" வட்டத்துக்கு வெளியிலிருந்து கிளெனிஸ். "அங்க நிக்கறவன அங்கயே விடு!"

"கிளெனிஸ், இது வியாழக்கிழமை இல்ல! வாய மூடு!"

"நாலு பேரு முன்னால சொல்றேன், உம் பையனுக்காக..."

"பையன் பேச்சை எடுக்காத!"

"எங்க நிறுத்தினாலும் நிப்பான்யா அவன், தங்கமான பையன்," என்றது கூட்டத்தில் ஒரு கிழக்குரல்.

எல்லோரும் ஃபெர்கஸைப் பார்த்தார்கள். தொடை துடித்தது. 'எங்க வேணாலும்' நாக்கு நுனியில் தயாராக நின்றது. விட்டால் போதும், தானே போய்விடும். அவன் அதை விழுங்கினான்.

"நான் பின்னாலதான் நிப்பேன், கோச்."

"என்ன?"

"அதான் என் எடம். அங்க நின்னா ஆடுவேன். முன்னால போனா தொடை கிழிஞ்சிடும், எனக்குத் தெரியும். இப்பவே இழுக்குது. பின்னாலதான் நிப்பேன்."

ஆரஞ்சு மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. டெனிஸின் முகம், பன்னிரண்டு வருஷமாகப் பழகிய நாய் திடீரென்று வாயைத் திறந்து பேசியதைக் கண்டவனுடையது போல இருந்தது. இதையே இத்தனை நேரம் கேட்டுக் கத்திய கிளெனிஸ்கூட, அவன் வாயிலிருந்து அது வந்ததும் கூச்சப்பட்டவளாகத் தன் ஷூவைக் குனிந்து பார்த்தாள். கடைசிப் பகுதிக்குச் சைரன் ஊதியது.

டல்லி மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை அவன் குரலில்.

"சரி ஃபெர்கஸ், நீ அங்கயே நில்லு. அப்ப நான் எங்க போறது?"