வழக்குக்கு முன் ஒரு வழக்கு

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. உள்ளே விதைகள் போட்டிருந்த காகித உறைகள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பெட்டிக்குச் சொந்தக்காரர், பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டே பதினோரு வருடமாக ஒரு தக்காளி ரகத்தை உருவாக்கி வந்தவர். ‘விதை டீச்சர்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வோர் உறையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விதைகளை வைத்திருந்த குளிர்பதனக் கிடங்கு திவாலாகியிருந்தது. அதன் சொத்துகளைக் கவனிக்க நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அவர் செலவைக் குறைப்பதாக மின்சாரத்தைத் துண்டித்தார். மின்சாரம் போன விஷயம் மூன்று வாரம் கழித்துத்தான் டீச்சருக்குத் தெரிந்தது.

நேரே சித்தி மகளிடம் போனார். அவள் வக்கீல்.

“அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்ல.”

“கேஸ் போடலாம்க்கா. ஆனா எடுத்த எடுப்புல போட முடியாது. அவரை நியமிச்ச கோர்ட்டுலயே முதல்ல அனுமதி வாங்கணும்.”

“அவங்க வச்ச ஆளு மேல கேஸ் போட, அவங்ககிட்டயே போய்க் கெஞ்சணுமா? நல்லா இருக்குடி உங்க நியாயம்!”

“கோபப்படாம கேளு. அவர் பார்க்கிறது கோர்ட்டோட வேலை. பாக்கி வரவேண்டியவன், வேலை போனவன்னு ஆளாளுக்கு அவர் மேல கேஸ் போட்டா, அவர் அந்த வேலையைப் பார்ப்பாரா, படியேறி இறங்கிக்கிட்டே இருப்பாரா? வெறும் ஆத்திரத்துல வர்றவங்களை நிறுத்தத்தான் இது. உன் பக்கம் விஷயம் இருந்தா விடுவாங்க.”

டீச்சருக்கு அது பாதிதான் இறங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. மகன் தேறவில்லை என்று ஒரு தகப்பன் இவரை வகுப்பறை வாசலிலேயே மடக்கியபோது, தலைமையாசிரியை குறுக்கே வந்து, “எதுவானாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க” என்றார். அன்றைக்கு டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தகப்பன் என்ன நினைத்திருப்பான் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அனுமதி மனு விசாரணைக்கு வந்த அன்று பொறுப்பாளரை முதன்முறையாகப் பார்த்தார். வில்லன் மாதிரி ஒருவரை மனதில் வைத்திருந்தவருக்கு ஏமாற்றம்தான். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது.

“உத்தரவுப்படிதான் மின்சாரத்தை நிறுத்தினார்” என்றார் அவருடைய வக்கீல்.

நீதிபதி அந்த உத்தரவைப் புரட்டினார். “பொருள் வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டு நிறுத்தணும்னு இதுல இருக்கே. இந்த அம்மாவுக்குச் சொன்னீங்களா?”

“கிடங்குல குடுத்த பட்டியல்ல அவங்க பேர் இல்லைங்க” என்றார் பொறுப்பாளர்.

“கிடங்கு திவால்னு கேள்விப்பட்டதும், விதை உள்ள இருக்குன்னு அவங்களே உங்களுக்குக் கடிதம் போட்டிருக்காங்க. நீங்க அதை வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கு. நிறுத்துறதுக்கு நாலு நாள் முன்னாடி.”

அவருடைய வக்கீல் அவசரமாக எழுந்தார். அதற்குள் பொறுப்பாளரே சொல்லிவிட்டார்: “வந்துதுங்க. பிரிக்கல. தினம் கட்டுக்கட்டா வந்துது. இதுவும் பணம் கேட்டுத்தான் வந்திருக்கும்னு ஓரமா வச்சுட்டேன்.”

வழக்குத் தொடர அனுமதி கிடைத்தது.

நடைகூடத்தில் பொறுப்பாளர் டீச்சரிடம் வந்து நின்றார். “பிரிச்சிருந்தா ஒரு போன் பண்ணியிருப்பேன்மா.”

மாதக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“கேஸ் போடத்தான் போறேன்” என்றார் டீச்சர்.

“போடுங்க” என்றார் அவர். அதில் வீம்பு இல்லை.

போட்டார். ஆனால் வழக்கு இழுக்கவில்லை. பொறுப்பாளர் ஒப்புக்கொண்டது பதிவாகியிருந்ததால், அவருடைய காப்பீட்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இழப்பீட்டோடு, உறைகளில் மிஞ்சிய விதைகளை எல்லாம் ஆய்வகத்தில் முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார்.

முளைத்தவை பத்தொன்பது. கடைசி இரண்டு வருடத்து விதைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

“ரெண்டு வருஷம் பின்னாடி போகணும். அவ்வளவுதானேக்கா?” என்றாள் சித்தி மகள்.

ஐம்பத்தாறு வயதில் ‘அவ்வளவுதான்’ என்று சொல்ல டீச்சருக்கு மனம் ஒப்பவில்லை. சல்லடையை எடுத்துக்கொண்டு, தொட்டிகளுக்கு மண் சலிக்கப் போனார்.